பார்வோ வந்த குட்டி பிழைக்குமா?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நோயைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கே கொடுக்கிறேன். அவசரமாக எழுதியிருந்தவர்களுக்கு அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் குட்டிக்கு மூன்று மாதம் நடக்கிறது. ஒரு தடுப்பூசி மட்டும் போட்டிருந்தோம். திடீரென்று சாப்பாட்டைத் தொடவில்லை. மூலையில் போய்ச் சுருண்டு படுத்தது, அப்புறம் வாந்தி. மறுநாள் காலையில் ரத்தம் கலந்த பேதி. பார்வோ என்று சொல்லி மருத்துவமனையில் வைத்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்கிறார் மருத்துவர். எனக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை. பிழைக்குமா, பிழைக்காதா? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: நேராகவே சொல்கிறேன். பிழைக்கத்தான் வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் வைத்து முறையாகக் கவனிக்கப்படும் குட்டிகளில் பத்தில் எட்டோ ஒன்பதோ வீடு திரும்புகின்றன. சிகிச்சையே இல்லாமல் விட்டால் கணக்கு அப்படியே தலைகீழ். பத்தில் ஒன்று தப்பினாலே பெரிது. வைரஸ் ஒன்றுதான், குட்டியும் அதே வயதுதான். நடுவில் இருப்பது டிரிப்ஸும் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளும். "பார்வோவா, அப்போ போச்சு" என்று யாரோ சொன்னதை நம்பி, குட்டியைத் துணியில் சுற்றி ஓரமாகப் படுக்கவைத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சின் மேல் எனக்குக் கோபமே உண்டு. நீங்கள் அதற்குக் காது கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். குட்டிக்கு நீங்கள் செய்யக்கூடியதில் பெரிய பங்கு அதிலேயே முடிந்துவிட்டது.

உங்கள் மருத்துவர் "சொல்ல முடியாது" என்பதைக் கைகழுவுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு யாராலும் சொல்ல முடியாது. ஏன் என்று விளக்குகிறேன். புரிந்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

இந்த வைரஸ் உடம்பில் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைத் தேடிப்போய்த் தாக்கும். குட்டியின் உடம்பில் அப்படி இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று குடல், இன்னொன்று எலும்பு மஜ்ஜை. குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள்தான் உணவை உறிஞ்சுகின்றன. அவற்றின் மேல்தோல் சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து, அடியில் உள்ள குழிகளிலிருந்து புதிய செல்கள் மேலேறி வரும். பார்வோ அந்த அடிக்குழிகளைத்தான் அழிக்கிறது. வேர் கருகிய பயிர் மாதிரி, பழையது உதிர்கிறது, புதிதாகத் துளிர்க்க எதுவும் இல்லை. குடல் சுவர் வெறும் புண்ணாகிவிடுகிறது. தண்ணீர், உப்புச்சத்து, புரதம், ரத்தம் எல்லாம் வெளியே போகின்றன. குடலுக்குள் வழக்கமாக வாழும் பாக்டீரியாக்கள் அந்தப் புண் வழியாக ரத்தத்துக்குள் நுழைகின்றன. அவற்றைத் தடுக்க வேண்டிய வெள்ளணுக்களோ எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகாமல் நின்றுபோயிருக்கும். குட்டிகள் சாவது பெரும்பாலும் இந்த இரண்டு காரணத்தால்தான்: நீர் வற்றிப்போவது, ரத்தத்தில் கிருமி பரவுவது.

ஆக, டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் வைரஸைக் கொல்வதற்கு இல்லை. வைரஸைக் குட்டியின் உடம்பே எதிர்ப்பணுக்களை உண்டாக்கித் துரத்திவிடும். அதற்குச் சில நாள் ஆகும். அந்தச் சில நாள் குட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் மருத்துவம். இறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் இறக்கின்றன. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் நம்பிக்கை வேகமாக ஏறும். நல்லபடியாகப் போனால் ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் தேறி எழுந்துவிடும்.

தினமும் மருத்துவமனைக்குப் போகும்போது "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். வெள்ளணு எண்ணிக்கை நேற்றைவிட ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், எல்லாப் பரிசோதனையிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஒரு நாள், இரண்டு நாளில் அது மேலே திரும்பினால் மஜ்ஜை விழித்துக்கொண்டது என்று பொருள். இறங்கிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டியதுதான். அப்புறம் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று கேளுங்கள். சின்னக் குட்டிகளுக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கும். நடுக்கம், வலிப்புகூட வரும். பொட்டாசியம் குறைந்தால் தலையைத் தூக்கக்கூடத் தெம்பு இருக்காது, குடலும் அசையாது. இரண்டையும் டிரிப்ஸில் கலந்து சரிசெய்யலாம், ஆனால் அளந்து பார்த்தால்தான் தெரியும். உடல் வெப்பமும் முக்கியம். நாய்க்கு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. நோயின் தொடக்கத்தில் காய்ச்சல் இருக்கும். அது எனக்குப் பெரிய கவலை தராது. உடம்பு சில்லிட்டுப்போவதுதான் பயம்.

சாப்பாட்டைப் பற்றியும் கேளுங்கள். நான் படித்த காலத்தில், வாந்தி முழுவதும் நிற்கும்வரை வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக்கூடாது, குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதுதான் பாடம். இப்போது அப்படி இல்லை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவுக் குட்டிகளுக்குச் சேர்த்த 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுத் திரவ உணவு கொடுத்தார்கள். பட்டினி போட்ட குட்டிகளைவிட அவை சீக்கிரம் தேறின, எடையும் கூடின. புண்பட்ட குடல் ஆறுவதற்குச் சத்து ரத்தத்திலிருந்து மட்டும் வந்தால் போதாது. குடலுக்குள்ளேயே கொஞ்சம் உணவு போய்ச் சேர வேண்டும். வாந்தியைக் கட்டுப்படுத்த மரோபிடன்ட், ஒன்டான்செட்ரான் போன்ற நல்ல ஊசிகள் இருக்கும்போது இதைத் தாராளமாகச் செய்யலாம். உங்கள் குட்டி இரண்டாம் நாளும் எதுவும் உட்கொள்ளவில்லை என்றால், குழாய் வைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுப்பாருங்கள். மூக்கில் குழாயோடு பார்க்கும்போது மனசு பதறும். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். தேறிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று மறுபடி வாந்தியெடுக்க ஆரம்பித்து, வயிற்றைத் தொட்டாலே வலியில் கத்தினால், குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். பார்வோவில் இது நடப்பதுண்டு. ஸ்கேன் பார்த்தால் தெரியும். அறுவைச் சிகிச்சைதான் வழி. அபூர்வம்தான், என்றாலும் "நோய் திரும்பிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திவிடக்கூடாது.

என் வார்டில் ஒரு கறுப்புப் பெண் குட்டி இருந்தது. இரண்டரை மாதம் இருக்கும். நாயின் ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஆறாயிரத்துக்குக் குறையாமல் வெள்ளணுக்கள் இருக்க வேண்டும். இதற்கு அறுநூறு. பேதியில் ரத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே, "கஷ்டப்படுத்த வேண்டாம், தூங்கவைத்துவிடலாமா?" என்று கேட்டார்கள். இன்னும் ஒரு நாள் கொடுங்கள் என்றேன். மறுநாள் எண்ணிக்கை ஆயிரத்து நானூறு. குட்டி அப்படியேதான் கிடந்தது. வெளிப்பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அந்த எண் போதும் எனக்கு. அடுத்த நாள் வாலை ஆட்டியது, அதற்கு மறுநாள் காலில் சுற்றியிருந்த டிரிப்ஸ் கட்டைக் கடித்துக் குதறியது. எல்லாக் குட்டிக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உள்ளே திருப்பம் வந்துவிடும். அதனால்தான் முதல் இரண்டு நாளில் நம்பிக்கையைக் கைவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: மருத்துவமனையில் ராத்திரி பகலாக வைத்திருக்கும் வசதி எங்களுக்கு இல்லை. வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடியாதா? வாய்வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதுமா?

பதில்: வாயில் தண்ணீர் ஊற்றுவது போதாது. வாந்தியெடுக்கும் குட்டியின் வாயில் பலவந்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் இன்னொரு ஆபத்தும் சேரும். ஆனால் "மருத்துவமனையில் சேர்க்க முடியாவிட்டால் கருணைக்கொலை ஒன்றுதான் வழி" என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இதற்காகவே ஒரு முறையை வகுத்துச் சோதித்தார்கள். மருத்துவமனையில் முழுச் சிகிச்சை பெற்ற குட்டிகளில் 90 சதவீதம் பிழைத்தன. வெளிநோயாளிக்கான முறையில் சிகிச்சை பெற்றவற்றில் 80 சதவீதம். நான் எதிர்பார்த்ததைவிட நெருக்கமான கணக்கு. ஆனால் அதில் இருந்த நிபந்தனைகளைக் கவனியுங்கள். முதலில் எல்லாக் குட்டிக்கும் மருத்துவமனையில் நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றி, நீர் வற்றிய நிலையையும் சர்க்கரையையும் சரிசெய்தார்கள். அதன் பிறகுதான் தோலுக்கடியில் ஒரு நாளைக்குப் பலமுறை திரவம், வாந்தியை நிறுத்தும் ஊசி, நீண்ட நாள் வேலைசெய்யும் ஆன்டிபயாடிக் ஊசி, கொஞ்சம் கொஞ்சமாக உணவு. உடல் வெப்பம், சர்க்கரை, பொட்டாசியம் எல்லாவற்றையும் தினமும் பார்த்தார்கள். இதை நீங்களாக ஆரம்பிக்க முடியாது. உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாக, "தங்கவைக்க முடியாது, ஆனால் தினமும் கொண்டுவருகிறோம், வீட்டில் ராத்திரி விழித்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். வசதியில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு மருத்துவமனைப் பக்கமே வராமல் இருப்பவர்களின் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன.

வீட்டில் பார்க்க வேண்டியது: குட்டியின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்தோ, பிசுபிசுப்பாக ஒட்டியோ இருந்தால், உடம்பு சில்லென்று ஆனால், கூப்பிட்டாலும் கண் திறக்காவிட்டால், நடுங்கினால், ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பேதியை நிறுத்தும் மனித மாத்திரை, பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை குடலின் அசைவை நிறுத்தி, நச்சை உள்ளேயே தங்கவைக்கும். வலி மாத்திரைகள் ஏற்கெனவே வாடிய சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். "பார்வோவுக்குக் கைகண்ட மருந்து" என்று சுற்றும் சொட்டுமருந்து, கஷாயம் எதுவும் டிரிப்ஸுக்கு ஈடாகாது. அவற்றை நம்பிக் கழியும் ஒரு நாள்தான் குட்டிக்கு மிஞ்சியிருந்த நாளாக இருக்கும்.

கேள்வி: வைரஸை நேரடியாகத் தாக்கும் புதிய ஊசி வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். பார்வோ வைரஸோடு போய் ஒட்டிக்கொண்டு, அது செல்லுக்குள் நுழையாமல் தடுக்கும் எதிர்ப்பணு ஊசிக்கு அமெரிக்காவில் 2023-இல் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. நரம்பில் ஒரே தடவை போடுவது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பயன். எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். மேலே சொன்ன பத்தில் எட்டு, ஒன்பது கணக்கு இந்த ஊசி வருவதற்கு முந்தையது.

கேள்வி: தடுப்பூசி போட்டிருந்தும் எங்கள் குட்டிக்கு பார்வோ வந்துவிட்டது. ஊசி போலியா? அல்லது மருத்துவர் சரியாகப் போடவில்லையா? எங்களுக்கு ஆத்திரமாக இருக்கிறது.

பதில்: உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் பெரும்பாலும் ஊசியின் மேலோ போட்டவரின் மேலோ பிழை இருக்காது. காரணம் தாய்ப்பால்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பணுக்கள் குட்டிக்கு வருகின்றன. அவை குட்டியைக் காப்பாற்றும். அதே சமயம் தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த வைரஸையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். வாரங்கள் போகப்போக அவை குறைகின்றன. ஒரு கட்டத்தில், உண்மையான நோயைத் தடுக்கப் போதாத அளவு, ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கப் போதுமான அளவு மிஞ்சியிருக்கும். அந்த இடைவெளியில்தான் குட்டிகள் மாட்டிக்கொள்கின்றன. அது எந்த வாரத்தில் வரும் என்பது தாயைப் பொறுத்து, குட்டியைப் பொறுத்து மாறும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேகூட வேறுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்பதுதான் இதில் மிக முக்கியம். "மூன்று ஊசி போட்டாயிற்று" என்று 12 வாரத்தில் நிறுத்திவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் கதை. எண்ணிக்கையைவிட வயதுதான் கணக்கு. அதன்பின் ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ இன்னொரு ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

16 வாரம் முடியும்வரை மற்ற நாய்கள் மலம் கழிக்கும் இடங்களில் குட்டியைக் கீழே விடாதீர்கள். வெளியே காட்ட வேண்டும், சத்தமும் மனிதர்களும் பழக வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தடுப்பூசி முடிந்த, நோயில்லாத நாய்களோடு வீட்டுக்குள் விளையாடட்டும். ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், பிட்புல் குட்டிகளுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதைக் கண்டிருக்கிறோம். அவற்றில் இன்னும் கவனம் வேண்டும்.

கேள்வி: பரிசோதனையில் பார்வோ இல்லை என்று வந்தது. ஆனால் அறிகுறி எல்லாம் அதேதான். எதை நம்புவது?

பதில்: குட்டியை நம்புங்கள். மலத்தைத் தொட்டுப் பார்க்கும் உடனடிச் சோதனை, இருக்கிறது என்று சொன்னால் அநேகமாக இருக்கும். இல்லை என்று சொன்னால் உறுதி கிடையாது. வைரஸ் மலத்தில் வெளியேறுவது குறைந்த நாளாக இருக்கலாம், ரத்தபேதியில் அது மறைந்தும் போகலாம். தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் சோதித்தால் ஊசியின் வைரஸே தெரிவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பலாம். முடிவு வரும்வரை பார்வோ என்று வைத்துக்கொண்டே சிகிச்சையைத் தொடர வேண்டும்; தனிமைப்படுத்தவும் வேண்டும்.

கேள்வி: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஒரு பூனையும் உண்டு. பரவுமா?

பதில்: குழந்தைக்குப் பரவாது. மனிதர்களுக்கு வரும் பார்வோ வேறு வைரஸ். பூனைக்கு வாய்ப்பு உண்டு. நாய்ப் பார்வோவின் இப்போதைய வகைகள் பூனையையும் தொற்றக்கூடியவை. 1978-இல் இந்த நோய் முதன்முதலாக நாய்களில் தெரியவந்தபோதே, அது பூனைகளுக்கு வரும் பான்லுகோபீனியா என்ற நோயின் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று கண்டார்கள். அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் எந்த நாயிடமும் எதிர்ப்பு இல்லாததால், உலகம் முழுவதும் வளர்ந்த நாய்கள்கூடச் செத்தன. பூனைக்கு அதற்குரிய தடுப்பூசி போட்டிருந்தால் பயமில்லை. போடவில்லை என்றால் குட்டியின் அறைப் பக்கம் விடாதீர்கள், மருத்துவரிடம் பேசி ஊசியைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குட்டி பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டது, டாக்டரம்மா! எலும்பும் தோலுமாக இருக்கிறது, ஆனால் பசி, பசி என்று கத்துகிறது. எவ்வளவு கொடுக்கலாம்? மறுபடி இந்த நோய் வருமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் குழுவில் எல்லோருக்கும் காட்டினேன். சரி, இப்போது கவனமாகக் கேளுங்கள். கேட்கிற அளவெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். குடல் சுவர் புதிதாக முளைத்திருக்கிறது. அதன் உறிஞ்சும் திறன் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு நாளைக்கான உணவை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, கொழுப்பு குறைந்த, எளிதில் செரிக்கும் உணவாகக் கொடுங்கள். மலம் கெட்டியாகி ஓரிரு நாள் அப்படியே நிலைத்த பிறகு, பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்வாங்குங்கள். ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்திருந்தால், துள்ளி விளையாட ஆரம்பித்துவிட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். குடற்புழு மருந்து எப்போது கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புழுவும் சேர்ந்திருந்தால் ரத்தம் ஊற நாளாகும்.

மறுபடி பார்வோ வருமா என்ற பயம் வேண்டாம். ஒருமுறை வந்து பிழைத்த நாய்க்கு நீண்ட காலத்துக்கு, அநேகமாக ஆயுள் முழுதும், எதிர்ப்பு இருக்கும். அதற்காக மற்றத் தடுப்பூசிகளை விட்டுவிடக்கூடாது. டிஸ்டெம்பர், வெறிநோய் போன்றவற்றுக்கு எதிர்ப்பு தனியாகத்தான் வர வேண்டும். உடம்பு தேறியதும் மருத்துவர் தேதி சொல்வார்.

குட்டி நன்றாகிவிட்டாலும் தேறிய பிறகு இரண்டு வாரம் வரை மலத்தில் வைரஸ் வெளியேறலாம். ரோமத்திலும் ஒட்டியிருக்கும். வீடு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, நன்றாகத் துவட்டி உலர்த்துங்கள். குறைந்தது இரண்டு வாரமாவது மற்ற குட்டிகளோடு சேர்க்காதீர்கள். பொது இடத்துக்கும் வேண்டாம். மலத்தை உடனே எடுத்து உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பின்னாளில் என்ன ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பார்வோவிலிருந்து தப்பிய நாய்களில் கணிசமானவற்றுக்கு, மற்ற நாய்களைவிட அதிகமாக, அவ்வப்போது வயிற்றுப்போக்கு, செரிமானத் தொல்லை வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உணவை அடிக்கடி மாற்றாமல், எது ஒத்துக்கொள்கிறதோ அதையே தொடர்வது நல்லது. எட்டு வாரத்துக்கு முன்பே நோய் வந்த குட்டிகளுக்கு மட்டும் இதயத் தசை பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. தாய்களுக்கு எதிர்ப்பு இருப்பதால் இப்போது அது மிக அபூர்வம். உங்கள் குட்டி அந்த வயதைத் தாண்டி நோயில் விழுந்திருந்தால் அந்தப் பயம் வேண்டாம். மற்றபடி வளரும், ஓடும், மற்ற நாய்களைப் போலவே முழு ஆயுள் வாழும்.

கேள்வி: எங்கள் குட்டி மூன்றாம் நாள் போய்விட்டது. முதல் நாள் வாந்தியெடுத்தபோதே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமோ என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் இன்னொரு குட்டி கேட்கிறார்கள். அதே வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். சீக்கிரம் கொண்டுவந்தால் வாய்ப்பு கூடும் என்பது நிஜம். ஆனால் முதல் வாந்தியிலேயே கொண்டுவரப்பட்டு, எல்லாச் சிகிச்சையும் கிடைத்தும், என் கண் முன்னால் போன குட்டிகள் உண்டு. குட்டிகள் ஒரு வேளை வாந்தியெடுப்பது அன்றாடம் நடப்பது. அதைப் பார்த்தவுடன் பார்வோ என்று யாருக்கும் தோன்றாது. உங்கள் குட்டி வைரஸை உள்வாங்கியது நீங்கள் வாந்தியைப் பார்ப்பதற்குப் பல நாள் முன்பு. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய மூன்று முதல் ஏழு நாள், சிலவற்றில் இரண்டு வாரம்கூட ஆகும். பிள்ளைகள் யார் மேலும் பழி போட்டுக்கொண்டு வளரக்கூடாது. அம்மா மேலும் கூடாது, தங்கள் மேலும் கூடாது.

இன்னொரு குட்டியைப் பற்றி: வளர்க்கலாம், ஆனால் உடனே வேண்டாம். இந்த வைரஸுக்கு, சோப்பு கரைத்துவிடக்கூடிய கொழுப்பு மேலுறை கிடையாது. அதனால் சோப்பு, சானிடைசர், வாசனையான தரை துடைக்கும் திரவம் எதுவும் அதை ஒழிக்காது. வீட்டுக்குள் மாதக்கணக்கில் தங்கும். நிழலான, ஈரமான மண்ணில் ஓராண்டு வரைகூடப் பிழைத்திருக்கும். குட்டியின் துணி, படுக்கை, மெல்லும் பொம்மைகளைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். தரை, கூண்டு, பாத்திரங்களை முதலில் சோப்பு போட்டு அழுக்கில்லாமல் கழுவி அலசுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலைசெய்யாது. சிறுநீர் இருக்கும் இடத்தில் பிளீச் ஊற்றினால் நெடி மூச்சை அடைக்கும். அதன் பிறகு ஒரு பங்கு பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு கழுவுங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள். வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் அதோடு கலக்காதீர்கள். செருப்பின் அடிப்பாகத்தையும் மறக்க வேண்டாம். இந்த வைரஸ் அதில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்குள் வரும். மண் தரையை பிளீச்சால் சுத்தம் செய்ய முடியாது. மேல்மண்ணை எடுத்துவிட்டு, வெயில் நன்றாகப் படும்படி திறந்துவிட்டு, குட்டி வந்தால் அந்தப் பக்கம் விடாமல் ஓராண்டு ஒதுக்கிவைப்பதுதான் பாதுகாப்பு.

எனக்குப் பிடித்த வழி வேறு. தடுப்பூசித் தொடர் முழுவதும் முடிந்த, ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட ஒரு நாயை எடுத்து வளருங்கள். இரண்டு மாதக் குட்டியைக் கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள்தான். கடைசி ஊசி 16 வாரத்துக்குப் பிறகு போடப்பட்டதா என்று அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் நீங்கள் சுத்தம் செய்து முடித்த வீட்டுக்குத் தைரியமாகக் கூட்டிவரலாம்.